கால் போவது தலைவிதியா?

நீரிழிவால் கால் அழுகி, கடைசியில் ஆஸ்பத்திரியில் அது வெட்டி எடுக்கப்பட்டு, ஒற்றைக் காலுடன் வீடு திரும்பும் ஏழைத் தொழிலாளியை இன்று அநேகமாய் எல்லா ஊரிலும் காணலாம். பார்க்க வரும் உறவினர் ஒருவர் "அவன் தலையெழுத்து" என்கிறார். மற்றொருவர் "எந்த ஜன்மத்துப் பாவமோ" என்கிறார். "புண் வந்த அன்றைக்கு அதை யார் பார்த்தார்கள்?" என்று கேட்பவரோ ஒருவரும் இல்லை. ஆதலால் அக்கேள்வியை நாம் கேட்கின்றோம்.

நீரிழிவு பல வருஷம் அடங்காதிருந்தால் காலின் நரம்புகள் கெட்டு உணர்ச்சி போய்விடுகின்றது. ரத்தக் குழாய்களும் சுருங்குகின்றன. பிறகு முள் குத்தினாலும், தார் ரோடு சுட்டாலும் தெரிவதில்லை. வலி இல்லாததால் ஒன்றுமில்லையென்று வேலைக்குப் போகிறான். மிதிக்க மிதிக்கப் புண் ஆழமாகி, சீழ் பிடித்து, எலும்பைத் தொடுகின்றது. ஆப்பிரிக்காவில் டான்சானியா தேசத்து டாரஸ்ஸலாம் நகரில், தூங்கும்போது எலி காலைக் கடித்தும் அறியாதிருந்த நீரிழிவுக்காரர்களைப் பற்றி அவ்வூர் வைத்தியர்கள் எழுதியிருக்கின்றார்கள். அந்த எலிகள் முற்பிறப்புக் கணக்குப் பார்த்தா கடித்தன?

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்கள் சாபத்தால் உதிர்வதில்லை, உணர்ச்சியற்ற உறுப்பில் ஓயாமல் காயம் படுவதாலேயே கெடுகின்றன என்று காட்டினார். அவர்களுக்கென்று செய்யப்பட்ட மெத்தென்ற ரப்பர் செருப்பே இன்று நீரிழிவுக் கால்களையும் காக்கின்றது. எத்தனையோ பரிகாரங்களால் ஆகாததை ஒரு ஜோடி செருப்புச் செய்தது!

நீரிழிவால் வெட்டப்படும் கால்களில் ஏறக்குறைய 100-க்கு 85 முதலில் புண்ணாய் ஆரம்பித்தவையே. 2004 வாக்கில் இந்தியாவிலும் டான்சானியாவிலும், ஒரு டாக்டரும் ஒரு நர்ஸுமாகச் சேர்த்துப் பாத சிகிச்சை பழக்கினார்கள். அதன்பின் டான்சானியாவில் கால் வெட்டுவது குறைந்தது. அது என்ன பணக்கார தேசமா?

10 கோடிக்கு மேற்பட்ட நீரிழிவுக்காரர் இந்தியாவில் உண்டென்று 2023-இல் வெளியான கணக்குச் சொல்லுகின்றது. இவர்களில் உணர்ச்சி மரத்த காலோடு சுடுகின்ற கல்தரையில் கோயிலைச் சுற்றுகிறவர் எத்தனை பேர்? தீமிதிக்கிறவர் எத்தனை பேர்? கொப்புளம் கண்டபின் மஞ்சளும் பச்சிலையும் வைத்து வாரக்கணக்கில் காத்திருப்பவர் எத்தனை பேர்? செருப்பு வேண்டாமென்று எந்தச் சாமி வந்து சொல்லிற்று? கால் போனபின் கூலி கொடுப்பது அந்தச் சாமியா?

நிற்க, பழியை ஏழையின் தலையிலேயே சுமத்திவிட்டு சர்க்கார் தப்பித்துக் கொள்ளவும் முடியாது. பாதத்தில் உணர்ச்சி இருக்கின்றதா என்றறிய ஒரு நைலான் இழை போதும். இவ்விழையும், ஏற்ற செருப்பும், புண்ணை உடனே பார்க்கத் தெரிந்த ஒரு நர்ஸும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டாமா? காலை வெட்டக் கத்தி உண்டு, காக்கச் செருப்பு இல்லை என்பது எந்த நியாயம்?

ஆகவே தோழர்களே! நீரிழிவுள்ளவர் தினம் இரவு விளக்கடியில் உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கியவருக்கு மகனோ மகளோ பார்க்கட்டும். வெறுங்காலோடு எங்கும் நடவாதீர்கள். வலிக்காத புண்ணே பொல்லாத புண். அதைக் கண்ட அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று வேண்டிக் கொள்கின்றோம்.