குறட்டையும் ரிமோட்டும்

எங்கள் வீட்டில் குறட்டை ரொம்ப நாள் ஒரு தமாஷ் விஷயமாகத்தான் இருந்தது. "மாமா தூங்கினா ரைஸ் மில் ஓடுது" என்று கல்யாண வீடுகளில் கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி. "சத்தம் வந்தா பரவாயில்லைங்க. நடுவுல நின்னு போகுதே, அப்பத்தான் பயமா இருக்கு" என்பாள். பல ராத்திரி எழுந்து உட்கார்ந்து என் மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஸ்கூட்டர் ஓட்டும்போதே கண் அசந்து, ரோட்டோரம் நின்ற காய்கறி வண்டியில் போய் இடித்தேன். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அதன் பிறகுதான் டாக்டரிடம் போனேன். உடம்பெல்லாம் ஒயர் மாட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 34 தடவை மூச்சு தடைப்படுகிறதாம். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. மூளை பதறி எழுப்பிவிடுகிறது. நமக்கு அது தெரிவதில்லை, பகலில் அசதிதான் தெரியும். பிரஷர், பக்கவாதம் எல்லாவற்றுக்கும் இதோடு தொடர்பு உண்டு.

சிபாப் மிஷின் கொடுத்தார்கள். காற்றை அழுத்தமாக அனுப்பி, பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கண்டுபிடித்து 1981-ல் வெளியிட்டது.

போன மாதம் அமெரிக்காவிலிருக்கும் என் மச்சினன் போன் செய்தான். "மாமா, இன்னும் அந்தத் தும்பிக்கையை மாட்டிக்கிட்டா தூங்கறீங்க? நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். ராத்திரி ரிமோட்டை அமுக்கினா போதும்" என்றான்.

விசாரித்துப் பார்த்தேன். பேஸ்மேக்கர் மாதிரி ஒரு கருவியை மார்பில் காறை எலும்புக்குக் கீழே பதிக்கிறார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் தாடைக்குக் கீழே, நாக்கை அசைக்கும் நரம்புக்குப் போகிறது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் லேசான மின்துடிப்பு நரம்பைத் தூண்ட, நாக்கு முன்னால் வந்து வழி விடுகிறது. இன்ஸ்பயர் என்ற இந்தக் கருவிக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2014-ல் அனுமதி கொடுத்தது. அந்த வருடம் வெளியான ஆய்வில் 126 பேருக்கு வைத்துப் பார்த்தார்கள். மணிக்குச் சுமார் 29 என்றிருந்த தடைகள் ஒரு வருடத்தில் 9 ஆகக் குறைந்தன. இது நடுத்தரக் கணக்கு, எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை.

அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் என் அபிப்பிராயம், இது மாஸ்க்குக்குப் பயந்தவர்களுக்கானது அல்ல, மாஸ்க் ஒத்துவராதவர்களுக்கானது. மச்சினன் இரண்டு வருடம் விதவிதமான மாஸ்க் போட்டுப் பார்த்துத் தோற்றவன். எடை பார்த்து, மயக்க மருந்து கொடுத்துத் தொண்டை எப்படி மூடுகிறது என்று கேமரா விட்டுப் பார்த்து, பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். தொண்டை நாலு பக்கமும் சுருங்கி மூடினால் இந்தக் கருவியைச் சிபாரிசு செய்யமாட்டார்களாம். பாட்டரி சுமார் 11 வருடம் வரும். பிறகு அதை மாற்ற மறுபடி கத்தி.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாலு மாதம் என் மிஷின் பீரோவில்தான் தூங்கியது. கேட்டவர்களிடம் "எனக்கு ஒத்துக்கலை" என்றேன். ஒத்துக்கொள்ளாமல் இல்லை, வெட்கம்தான். மாஸ்க்கும் அளவு பெரிது. மூக்கில் மட்டும் பொருத்தும் சின்னதாக மாற்றிக் கொடுத்ததும் பத்து நாளில் பழகிவிட்டது. அந்த நாலு மாதமும் மனைவி பழையபடி முழித்துத்தான் இருந்தாள். யாராவது அப்போது ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால், என் வெட்கத்துக்காகக் கத்திக்குக் கழுத்தை நீட்டியிருப்பேன்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். வீட்டில் யாருக்காவது குறட்டை நடுவில் நின்று நின்று வந்தால், சிரிக்காமல் செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மாஸ்க் கொடுத்தால், சரியான அளவு கிடைக்கும்வரை கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், அப்போது ரிமோட்டைப் பற்றிப் பேசலாம். பீரோவில் வைத்துப் பூட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். பக்கத்தில் படுப்பவர்களும் தூங்க வேண்டுமல்லவா?