பலகையைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்காதீர்!

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானால் போதும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் சீத்தா கேம்ப்பிலும் தெருமுனைதோறும் பலகைகள் முளைத்துவிடுகின்றன. கோட்டு அணிந்த பிள்ளையின் படம், பின்னால் கண்ணாடிக் கட்டடம், கீழே 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்ற வாசகம். அதற்கும் கீழே ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணுக்குப் பேசினால் எதிர்முனையில் தமிழிலேயே பேசுகிறார்கள். நம்மவரை நம்மவரைக் கொண்டே பிடிக்கும் வித்தை இது.

சென்ற ஆண்டு நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு தோழர் வந்தார். நெல்லைச் சீமைக்காரர், தோல் பட்டறையில் முப்பது ஆண்டு உழைப்பு. மகனை வெளிமாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஏஜென்ட் மூலம் சேர்த்திருந்தார். ஊரில் இருந்த முக்கால் ஏக்கர் அதற்காகக் கை மாறியது. இரண்டாம் ஆண்டு கட்டணம் கூடியது, பையனுக்கு நான்கு தாள்களில் தேர்ச்சி இல்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டான். சான்றிதழ்களைக் கேட்டால், மீதி ஆண்டுகளின் பணத்தையும் கட்டிவிட்டு எடுத்துப்போ என்கிறார்களாம். "அண்ணாச்சி, எத்தனை பேர் அங்கே படித்து முடிக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டீர்களா?" என்றோம். "கேட்டால் ஒண்ணும் தெரியாதவன்னு நினைப்பாங்களேன்னு கேட்கலை" என்றார். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமையில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே அறிவித்திருக்கிறது. அதைக் காட்டிச் சான்றிதழ்களை மீட்டோம். நிலத்தை மீட்க முடியவில்லை.

அவர் கேட்காமல் விட்ட கேள்விதான் இம்மாதத் தலையங்கத்துக்குப் பொருள்.

கல்லூரி என்றால் இரண்டே இரண்டு செய்திகளை நாம் அறிய வேண்டும். நம் கூலிக்குள் அடங்குமா? உள்ளே போகிற பிள்ளை பட்டத்தோடு வெளியே வந்து பிழைக்குமா? இந்த இரண்டையும் சேர்த்து எடைபோட்டால், மாநில அரசின் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகமும் அதன் உதவி பெறும் கல்லூரிகளும்தான் உழைக்கும் குடும்பத்துக்கு முதல் வாசல் என்பது நம் முடிவு. அரசு என்ற பெயருக்காக இதைச் சொல்லவில்லை. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1955ல் தொடங்கிய அங்கே பொறியியல் படிப்பின் ஆண்டுக் கல்விக் கட்டணம் மூவாயிரம் ரூபாயைக்கூடத் தொடுவதில்லை. மத்திய அரசின் தரவரிசையில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குள் 2024ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம், ஜாதவ்பூர் இரண்டாமிடம். 2025ல் ஜாதவ்பூர் முதலிடத்துக்கு வந்தது, அண்ணா இரண்டாவது. லட்சக்கணக்கில் வாங்கினால்தான் தரம் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

ஆனால் தரவரிசையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. 2016 முதல் வெளியாகும் அந்தப் பல்கலைக்கழகப் பட்டியலில் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் ஆராய்ச்சிக்கு. பத்து மதிப்பெண், பிறர் அந்த நிறுவனத்தை எப்படி நினைக்கிறார்கள் என்பதற்கு. பிள்ளைகள் முடித்தார்களா, என்ன ஆனார்கள் என்பதற்கு இருபதுதான். நமக்கு வேண்டியது அந்த இருபது. அதற்காக ஒவ்வொரு நிறுவனமும் எழுதிக் கொடுக்கும் கணக்கில், உரிய ஆண்டுகளுக்குள் படித்து முடித்தவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை, நடுத்தரச் சம்பளம் என்ன என்ற எண்களெல்லாம் இருக்கின்றன. யாரும் பார்க்கலாம். ஏஜென்ட் சொல்லும் உச்சச் சம்பளம் ஒரே ஒரு பிள்ளையுடையது. நடுத்தரச் சம்பளம்தான் நம் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது. அந்த எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவனிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மும்பைக்கு வருவோம். இங்குள்ள பல்கலைக்கழகம் சென்னையோடும் கொல்கத்தாவோடும் 1857ல் பிறந்தது. கோட்டைப் பகுதியில் அதன் ராஜாபாய் கோபுரத்து மணியைப் பார்த்து வேலைக்கு ஓடியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த வாசலுக்குள் கால் வைத்தவர் கொஞ்சம். பெண்பிள்ளைகளுக்கு, கார்வே 1916ல் தொடங்கிய எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. எல்ஃபின்ஸ்டன், சிடன்ஹாம் கல்லூரிகளை உள்ளடக்கிய ஹோமி பாபா மாநிலப் பல்கலைக்கழகம் 2019ல் வந்தது. மாட்டுங்காவில், தாராவிக்குப் பக்கத்திலேயே, 1887ல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. நிற்கிறது. அங்கே இடம் கிடைப்பது அரிது, கட்டணமும் சில ஆயிரங்களோடு முடிவதில்லை. என்றாலும் நம் தெருப்பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போவதுதான் கொடுமை. வீட்டிலிருந்து ரயில் சலுகைப் பாஸில் போய்வரும் படிப்புக்கும், விடுதியும் சாப்பாடும் சேர்ந்த வெளியூர்ப் படிப்புக்கும் உள்ள வித்தியாசத்தையும் கட்டணத்தோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

இங்கே இன்னொரு கண்ணி உண்டு. ஒரே கல்லூரி, ஒரே வாசல், ஒரே பெயர். உள்ளே இரண்டு வகை வகுப்புகள். ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்கும் 'எய்டட்' வகுப்பு ஒன்று. கட்டணத்தை வைத்தே கல்லூரி நடத்தும் 'செல்ஃப் ஃபைனான்ஸ்' வகுப்பு மற்றொன்று. பழைய பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். பெரும்பாலும் முதல் வகை, பி.எம்.எஸ். போன்ற புதுப் பெயர்கள் இரண்டாம் வகை. கட்டணம் பல மடங்கு வேறுபடும். படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறோம் என்று தெரியாமலே நம் பிள்ளைகள் இரண்டாவதில் விழுகிறார்கள். புதுப் பெயருக்கு வேலை நிச்சயம் என்று யாரோ சொன்னதுதான் காரணம். எய்டட் பி.காம். படித்துக்கொண்டே வங்கித் தேர்வுக்கும் கணக்கர் படிப்புக்கும் தயாரான பிள்ளைகள் பின்தங்கிவிட்டதாக நாம் காணவில்லை.

அரசுப் பல்கலைக்கழகத்தின் குறைகளை மூடி மறைக்க நமக்கு எந்த அவசியமும் இல்லை. 2017ல் விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்துவதென மும்பைப் பல்கலைக்கழகம் அவசரப்பட்டு இறங்கியதில் தேர்வு முடிவுகள் மாதக்கணக்கில் தாமதமாயின. மேற்படிப்புக்கு இடம் கிடைத்தும் மதிப்பெண் பட்டியல் கையில் இல்லாமல் தவித்த பிள்ளைகள் ஏராளம். அந்த அக்டோபரில் துணைவேந்தரே பதவிநீக்கம் செய்யப்பட்டார். நிரந்தர ஆசிரியர் இடங்களைக் காலியாக விட்டு, மணிக்கணக்குக் கூலிக்கு ஆசிரியர்களை அமர்த்தும் வழக்கமும் இருக்கிறது. ஆகவே கல்லூரிக்குப் போகும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு வாசல் டீக்கடையில் பத்து நிமிடம் பேசுங்கள். வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், முதலாண்டில் எத்தனை பேருக்கு ஏ.டி.கே.டி., அப்படி விழுந்த பிள்ளைக்குக் கல்லூரி கைகொடுக்கிறதா என்று கேளுங்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுத் திடீரென ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளைக்கு முதலாண்டுதான் கண்டம். அதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் முடித்துவிடுகிறார்கள்.

இனி, நம்மை வெளியே நிறுத்துகிற காகிதங்கள். மராட்டிய மாநிலத்துக்கான இடங்களுக்குப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இம்மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். இங்கே பிறந்ததற்கோ குடியிருப்புக்கோ சான்று வேண்டும். டொமிசைல் சான்றிதழுக்குப் பதினைந்து ஆண்டு வாசத்தைக் காட்ட வேண்டும். இதை எப்படியும் திரட்டிவிடலாம். சாதிச் சான்றிதழில்தான் அடி விழுகிறது. தாழ்த்தப்பட்டோர் சலுகைக்கு 1950 ஆகஸ்டு 10ஆம் தேதிக்கு முன்பிருந்தும், பிற பிற்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13ஆம் தேதிக்கு முன்பிருந்தும் குடும்பம் இங்கே வசித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஜோப்படியில் வாழ்ந்து, இடித்தபோதெல்லாம் இடம் மாறி, மழையில் பெட்டியோடு காகிதம் நனைந்துபோன நம்மிடம் 1950ஆம் ஆண்டு ரசீதா இருக்கும்?

ஆந்திரத்தில் பிறந்து, தந்தையின் வேலையால் மும்பைக்கு வந்து படித்த பழங்குடி மாணவர் ஒருவர் மருத்துவ இடம் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1990ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஒரு மாநிலத்துப் பட்டியல் அந்த மாநிலத்துக்கே உரியது, குடிபெயர்ந்தவரோடு அது கூட வராது என்று தீர்ப்பளித்தது. 1994லும் 2018லும் அதே நிலை உறுதியானது. தீண்டாமை மட்டும் ரயிலேறி நம்மோடு வந்தது. அதற்கான பரிகாரம் ஊர் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது! பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சால் கழிப்பறையோடு இதையும் கேட்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். தந்தையின் சான்றிதழைக் காட்டினால் குடியேறிய மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம் என்று மத்திய உள்துறை 1982லேயே எழுதியிருக்கிறது. அது இங்குள்ள மாநில இடங்களுக்கு உதவாது. மத்திய பல்கலைக்கழகங்களுக்கும் ஐ.ஐ.டி.களுக்கும் உதவும். திறந்த பிரிவில் சேர்ந்தாலும் வழி அடைபடவில்லை. தொழிற்படிப்பில் பொதுச் சேர்க்கை முறையில் இடம் பெற்று, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், ராஜர்ஷி சாஹு மகாராஜ் பெயரிலான திட்டத்தில் கல்விக் கட்டணத்தில் பாதியைப் பெற முடியும். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, பிற்பட்ட பிரிவுகளின் பெண்பிள்ளைகளுக்கு அதே வருமான வரம்புக்குள் தொழிற்படிப்பின் முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024 ஜூலையில் ஆணை வந்தது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் அந்த ஆணை பொருந்தாது. பலகையைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் இழப்பது இதையும்தான்.

ஊருக்கே அனுப்பிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை இருப்பிடச் சான்று வாங்கினால் விண்ணப்பிக்க முடியும். ஊர்ச் சாதிச் சான்றிதழும் அங்கே செல்லும். ஆனால் மருத்துவத்துக்கு 2020லும் பொறியியல் முதலியவற்றுக்கு 2021லும் கொண்டுவந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே. மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியும் ஏழைகளின் அரசுப் பள்ளிதானே? அங்கே படித்த பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளத் தமிழ்நாட்டு அரசு விதியைத் திருத்த வேண்டுமென்று நம் சங்கம் கேட்கிறது.

இருப்பிடச் சான்றுக்கு ஊரில் தாசில்தார் அலுவலகமும், இங்கே வருமானச் சான்றுக்கும் டொமிசைலுக்கும் சேது கேந்திராவும் ஒரு நாளில் முடிகிற வேலையல்ல. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் கால் வைக்கும் மாதமே தொடங்குங்கள். ஞாயிறு காலைதோறும் சங்க அலுவலகத்தில் படிவம் நிரப்பித் தர நம் பட்டதாரி இளைஞர்கள் உட்காருகிறார்கள். பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, ரேஷன் கார்டு, தந்தையின் சாதிச் சான்றிதழ், பழைய வாடகை ரசீதோ மில் அடையாள அட்டையோ எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். படிவத்தைத் தன் கையால் அவர்களே எழுதட்டும்.