விக்கல் என்னும் பொய்

கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில், கலித்தொகையின் 51ஆம் பாடலில், தலைவி தாயிடம் சொல்லும் பொய்யை அச்சத்தின் விளைவாகக் கொண்டு, பாடல் முழுவதையும் குற்றவுணர்வின் வாக்குமூலமாக வாசிப்போர் அதன் வடிவத்தைக் கவனிக்கவே இல்லை எனலாம். நீர் கேட்டு வந்தவன், பொற்கலத்தில் நீர் கொண்டுவந்தவளின் வளையணிந்த முன்கையைப் பற்ற, அவள் அலறித் தாயை அழைக்கிறாள். தாய் ஓடிவந்ததும், நீர் குடிக்கையில் அவனுக்கு விக்கல் எடுத்ததாகச் சொல்லிவிடுகிறாள். அச்சமே காரணமெனில், காக்க வந்தவள் அருகில் நிற்கும் அந்த நொடியில் உண்மையன்றோ வெளிப்பட்டிருக்கும்?

மேலும், இது தலைவி தன் தோழிக்குரைக்கும் கூற்று. ஆகவே பொய்யை நம்புபவள் ஒருத்தி, அது பொய்யென்று அறிந்து சுவைப்பவள் மற்றொருத்தி. தரவு, தாழிசை முதலிய கலிப்பா உறுப்புகளாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரியாமல், 16 அடிகளும் ஒரே மூச்சில் ஓடுவது, சிறுவயதில் அவன் மணல்வீட்டைக் காலால் சிதைத்ததையும் வரிப்பந்தைப் பறித்தோடியதையும் இப்போதைய குறும்போடு இணைத்து, அடக்கமாட்டாத பேச்சின் வேகத்தைத் தருகிறது. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் நிலைகளாகிய மெய்ப்பாடுகள் எட்டனுள், நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கில் இளமையும் ஒன்று; இங்கே பொருந்துவது அதுவே. தாய் அவன் முதுகை நீவிக்கொண்டிருக்க, அவனோ கடைக்கண்ணால் தலைவியைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனைக் கள்வன் மகனென்று அவள் வைது முடிப்பதில் சினத்தைத் தேடுவோர், செல்லமாக வைவதைக் கேட்டறியாதவர் போலும்.