எடுக்காமல் விட்ட பாறை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் ஓங்கி நிற்கும் தொழிற்சாலைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அங்கே முதலில் தூண் எழும்பும். பிறகே கூரை அமையும். பூமிக்கடியில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. கூரை அங்கே முன்னமே இருக்கிறது. கனிமத்தை வெட்டும்போது இடையிடையே வெட்டாமல் விடும் பாறையே தூணாகிறது. ஆகவே, எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்குமுன் எவ்வளவு விடவேண்டும் என்று கேட்பதே முறை என்பது எங்கள் கருத்து.

இதை விளங்கிக்கொள்ள நாம் வகுப்பில் கற்ற கணக்கே போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் 1,000 மீட்டர் உயரத்திற்குக் கடினப் பாறை நின்றால் அதன் எடை ஏறத்தாழ 2,700 டன். பாதிப் பாறையை எடுத்துவிட்டால் எஞ்சிய தூண்கள் இரு மடங்கு சுமக்கவேண்டும். முக்கால் பங்கை எடுத்தால் நான்கு மடங்கு! தூண் அகன்றும் குட்டையாகவும் இருந்தால் வலிமை மிகும்; மெலிந்து உயர்ந்தால் குன்றும். கனடா நாட்டு எலியட் லேக் யுரேனியச் சுரங்கத் தூண்களை ஆராய்ந்து ஹெட்லி, கிராண்ட் என்னும் இருவர் 1972-இல் இதற்கொரு சூத்திரமே வகுத்தனர்.

ஒரு தூண் நொறுங்கினால் அதன் பாரம் அடுத்த தூணின் மேல் விழும். 1960-இல் தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கத்தில் இவ்வாறு தூண்கள் வரிசையாகச் சரிந்து 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இது நமக்கு அந்நியமான செய்தியன்று. 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் உழைத்தவர்களில் மிகப் பலர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களே. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அத்தனை ஆழத்தில் விட்டுவைத்த சிறு தூணே அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும். ஆகவே வெட்டிய வெற்றிடங்களில் கருங்கல் சுவர் எழுப்பியும், பின்னாளில் கான்கிரீட் இட்டும் பாறையைத் தாங்கினர்.

தங்கமுள்ள பாறையை விட்டுவைப்பது நட்டமன்றோ எனச் சிலர் கேட்கலாம். அன்று. அந்தப் பாறை இரவும் பகலும் கூரையைத் தாங்கி உழைக்கிறது. அதனடியில் நிற்பவர் ஒரு குடும்பத்தின் தந்தை. அவர் உயிருக்கு விலை கூறும் தராசு எந்தக் கடையிலும் இல்லை.

1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலைக்கு அனுமதிக்கவில்லை. 2019-இல் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு அக்கதவு திறந்தது. எனவே தோழியரே, நாளை நம்மில் ஒருத்தி தூணின் அகலத்தைக் குறிக்கும் கோட்டை வரையக்கூடும். அன்று இலாபத்திற்காக அக்கோட்டை ஓர் அங்குலமும் குறுக்காதிருக்க இன்றே உறுதி கொள்வோமாக!