மயிலுக்கு இரங்கியவன்

கடையெழு வள்ளல்களில் பேகனைப் பள்ளிக்கூடத்திலேயே நமக்கு அறிமுகம் செய்துவிடுவார்கள். பழனி மலைப் பக்கத்தை ஆண்டவன்; குளிரில் நடுங்குகிறது என்று மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தவன். பாடம் அதோடு முடிந்துவிடும். புறநானூற்றில் கதை முடியவில்லை. 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் அவன் முன் ஒரு வழக்கை வைக்கின்றன. வள்ளல் தன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொரு பெண்ணை நாடிப் போய்க்கொண்டிருக்கிறான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு புலவர்களும் கண்ணகிக்காகப் பேசுகிறார்கள்.

பரணர் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம். 145ஆம் பாட்டில் மயிலுக்குக் கொடுத்த பெருமையைச் சொல்லியே பேகனை அழைக்கிறார். அப்புறம், ‘நான் பசித்து வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றத்தின் பாரமும் எனக்கு இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர்த்து வா, அதுதான் நான் கேட்கும் பரிசில்’ என்கிறார். மயிலின் நடுக்கம் தெரிந்த உனக்கு இது தெரியவில்லையா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன? மயிலின் குளிருக்குப் பேகன் காரணமில்லை. ஒரு போர்வையோடு விஷயம் முடிந்தது, புகழும் வந்தது. கண்ணகியின் அழுகைக்குக் காரணமே அவன்தான். அதை உணர்ந்தால் தன்னையே குற்றவாளியாகப் பார்க்க வேண்டும், நடப்பையும் மாற்ற வேண்டும். அதனால் அந்த அழுகை அவன் காதுக்கு எட்டாமலே போனது என்றுதான் நினைக்கிறேன்.

இரக்கம், பரிவு, ஒத்துணர்வு என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இப்போது அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் ‘எம்பதி’யும் சேர்ந்திருக்கிறது. ‘அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்’ என்று சொல்லித் தருகிறார்கள். பேகன் அதைத்தானே செய்தான்? மயில் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தான். தனக்குக் குளிர்ந்தால் போர்வை வேண்டும், ஆகவே அதற்கும் போர்வை. மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தே கொடுத்தான் என்று பரணரே 141ஆம் பாட்டில் சொல்கிறார். அவர் சொன்னது பாராட்டாக. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் வந்து குவிந்த பழந்துணிகளை நினைத்தால் பாராட்டத் தோன்றவில்லை. உடுத்த ஆளில்லாமல் அவை சாலையோரம் கிடந்தன. அனுப்பியவர்களின் மனசு நல்ல மனசுதான். அங்கே என்ன வேண்டும் என்று கேட்டவர்கள்தான் குறைவு.

2018இல் டால் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கோலஸ் எப்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் 25 சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பவர்கள் அவர் மனசை இன்னும் சரியாகக் கணிக்கிறார்களா என்பது கேள்வி. இல்லை என்று தெரிந்தது. கணவனோ மனைவியோ எதை விரும்புவார் என்று ஊகிப்பதிலும் அப்படித்தான். வாயைத் திறந்து கேட்டவர்களுக்குத்தான் சரியான விடை கிடைத்தது.

பரணர் இதைச் செய்திருக்கிறார். 144ஆம் பாட்டைப் பாருங்கள். அழுதுகொண்டிருப்பவளிடம், ‘நீ எங்கள் பேகனுக்கு உறவா?’ என்று கேட்கிறார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ‘உறவெல்லாம் இல்லை’ என்று தொடங்கி, அவன் எங்கே போய் வருகிறான் என்று ஊரார் பேசுவதைச் சொல்கிறாள். அவள் மனசில் இருப்பதைத் தாமே புனைந்து சொல்லாமல், அவள் வாயால் சொன்னதையே அரசனிடம் கொண்டுபோகிறார் புலவர்.

தெருநாய்க்குத் தினமும் பிஸ்கட் வைக்கிற வீட்டிலேயே, பாத்திரம் தேய்க்கும் அக்கா காய்ச்சலில் இரண்டு நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல மாட்டேன். நாய்மேல் அவர்கள் வைத்திருக்கும் பாசம் பொய்யில்லை. ஆனால் நாயிடம் அவர்களுக்கு எதிராக ஒரு நியாயமும் இல்லை, அக்காவிடம் இருக்கிறது. அவரை உட்காரவைத்து ‘என்னக்கா கஷ்டம்?’ என்று கேட்டால், சம்பளம் போதவில்லை, லீவு வேண்டும் என்று பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பயந்துதான் கேள்வியே எழாமல் போகிறது.

ஆகவே ஒருவர் இளகிய மனசுக்காரரா என்று அறிய, எதைப் பார்த்துக் கண்கலங்கினார் என்று நான் விசாரிப்பதில்லை. சினிமாவுக்கும் கலங்கலாம். அவரால் கஷ்டப்பட்ட ஒருவர் எதிரே உட்கார்ந்து அதைச் சொல்லும்போது, குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாரா என்றுதான் பார்க்கிறேன். கேட்டபிறகு சம்பளத்தைக் கூட்டினாரா என்பதையும்.