30 வினாடியில் அடங்காத சிரிப்பு



நேற்று நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. லாரல் - ஹார்டி நடித்த 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தில் பியானோ படிகளில் உருண்டு ஓடும் காட்சி மட்டும், 30 வினாடி. மேலே "இரண்டு முட்டாள்கள்" என்று தலைப்பு. நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது.

1932இல் வந்த படம் அது. நகைச்சுவைக் குறும்படத்துக்கு முதன்முதலில் ஆஸ்கர் கொடுத்தபோது அதற்குத்தான் கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். உச்சியில் உள்ள வீட்டுக்கு இருவரும் ஒரு பியானோவை ஏற்ற வேண்டும். ஏற்றுவார்கள், உருண்டு கீழே போகும். மறுபடி ஏற்றுவார்கள். ஒருவழியாக மேலே சேர்த்ததும் தபால்காரர் வந்து, "அந்தப் பக்கம் சாலை இருக்கிறதே, வண்டியிலேயே வந்திருக்கலாமே" என்கிறார். உடனே இருவரும் பியானோவைத் திரும்பக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, சாலை வழியாகக் கொண்டு வருகிறார்கள்!

வயிறு வலிக்கச் சிரிப்பது அங்கேதான். அவர்களோடு நாமும் அத்தனை படி ஏறியிருந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும். உங்கள் துண்டு வீடியோவில் அது இல்லவே இல்லை.

"நேரமில்லை சார்" என்பீர்கள். முழுப் படமே அரை மணி நேரம்தான். துண்டு வீடியோக்களைத் தள்ளித் தள்ளி ஒரு மணி நேரம் பார்க்க மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?

1927இல் இதே படிகளில் துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஏறிய 'ஹேட்ஸ் ஆஃப்' என்ற படம் தொலைந்தே போய்விட்டது. முழுசாகக் கையில் இருக்கும் படத்தை நாமே நறுக்குகிறோம்.

இதைச் சொல்ல எனக்கும் முழுத் தகுதி இல்லை. திக்கித் திக்கி வாசித்த பையனின் வரியை நானே முடித்துவிட்டு, "உட்காருடா" என்றிருக்கிறேன். பாடம் முடிக்க வேண்டிய அவசரம். அந்த வரியைத் தானே முடிக்கும் சந்தோஷத்தை அவனிடமிருந்து பறித்தேன் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. அதையே இப்போது நம் பேரப்பிள்ளைகளுக்குச் செய்கிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்து முழுப் படத்தையும் போடுங்கள். முதல் ஐந்து நிமிடம் நெளிவார்கள், நெளியட்டும். தபால்காரர் வந்ததும் அவர்கள் முகத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்