கண்டிராக்டர்களின் யோக்கியதை

பீஹாரில் சுல்தான்கஞ்சுக்கும் அகுவானிக்கும் இடையே கங்கையின் குறுக்கே கட்டப்பட்டு வந்த பாலத்தின் ஒரு பகுதி 2022 ஏப்ரலில் இடிந்தது. 2023 ஜூனில் மறுபடியும் இடிந்தது. 2024 ஆகஸ்டில் மூன்றாம் முறையும் ஆற்றில் விழுந்தது. ஏறத்தாழ 1,700 கோடி ரூபாய் வேலை! அதை ஏற்றது நேற்று முளைத்த கம்பெனியன்று. முன்னரே பெரிய பாலங்கள் கட்டிய கம்பெனிதான். அப்படியானால் சர்க்கார்கள் எதைப் பார்த்துக் கண்டிராக்டர்களைப் பொறுக்குகின்றன?

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. மத்திய ஊழல் கண்காணிப்புக் கமிஷன் 2002-ல் வகுத்த அளவுகோலின்படி, டெண்டர் போடுகிறவர் கடந்த ஏழு வருஷங்களில் அதே மாதிரியான வேலைகள் மூன்றை, ஒவ்வொன்றும் மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவிகிதத்துக்குக் குறையாமல், முடித்திருக்க வேண்டும். அல்லது 50 சதவிகிதத்தில் இரண்டு, 80 சதவிகிதத்தில் ஒன்று. வருஷ வர்த்தகம் சராசரி 30 சதவிகிதமாவது இருக்க வேண்டும். பழைய வேலை திருப்திகரமாக நடந்ததா என்பதையும் வேண்டுமானால் சேர்த்துக் கொள்ளலாமாம். தொகைக்குக் கறாரான எண், தரத்துக்கோ ‘வேண்டுமானால்’! இந்த வாசலைத் தாண்டியபின், பெரும்பாலும் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை. இது பணப்பையை அளப்பதேயன்றிக் கைத்திறனை அளப்பதாகாது.

2021-ல் மத்திய நிதி இலாகா, முக்கியமான சில வேலைகளில் தரத்துக்கும் மார்க் தரலாம் என்று அனுமதித்தது. அதுவும் 30 சதவிகிதத்தை மீறக் கூடாது. நல்ல ஆரம்பமே. ஆனால் மார்க் போட ஆதாரம் எங்கே? கம்பெனியே அச்சிட்டுக் கொடுக்கும் வர்ணப் புஸ்தகமா?

ஆதாரம் வேலைத்தலத்திலேயே இருக்கிறது. கான்கிரீட் போடும் அன்று எடுத்த கட்டிகளை 28-ம் நாள் நசுக்கிப் பார்க்கிறார்கள். எத்தனை கட்டிகள் தேறவில்லை? எதை இடித்துத் திரும்பக் கட்டினார்கள்? ஒப்பந்தத்தில் பெயர் கண்ட என்ஜினீயர் தலத்தில் இருந்தாரா? சாரத்திலிருந்து விழுந்த கூலியாட்கள் எத்தனை பேர்? இவை தனித்தனிப் பைல்களில் உறங்குகின்றன. அடுத்த டெண்டரைத் திறப்பவரின் மேஜைக்கு வருவதில்லை.

நிலத்தை ஒப்படைக்காமலும் பில்லைத் தீர்க்காமலும் இழுத்தடித்துவிட்டுக் கண்டிராக்டர்மீது பழி போடும் இலாகாக்களும் உண்டு. அந்தத் தாமதத்தை இலாகாவின் பேரிலேயே எழுத வேண்டும்.

கம்பெனிதோறும் இத்தகைய பதிவேடு ஒன்று வேண்டும். வேலை முடிந்து ஐந்து வருஷம் வரையில் காணும் விரிசலும் அதில் ஏற வேண்டும். வரி கொடுப்போர் எவரும் அதைப் பார்க்கலாம் என்றிருக்க வேண்டும். பொது மராமத்து மானியம் விவாதத்துக்கு வரும்போது, நம் சட்டசபை அங்கத்தினர்கள் மந்திரியிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பதிவேட்டைத்தான்.